அரிப்பு இரண்டு, சிரமம் இல்லை

என் பெயர் வெண்டெல் கிவெலா. மினசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்கங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். வாழ்க்கை வரலாறு எழுதுகிற அளவுக்கு நான் எதையும் சாதித்துக் கிழிக்கவில்லை. ஒரே ஒரு சாதனை உண்டு. உடம்பு நன்றாகக் குணமாகி வந்த நேரத்தில், நோய் கூடிவிட்டதாக என் வாயாலேயே சொல்லி, அதை எழுத்தில் பதியவைத்து, எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அருமையான மருந்தை நிறுத்தவைத்தேன். எனக்கு எதிரிகள் என்று தனியாக யாரும் தேவைப்பட்டதில்லை.

எனக்கு சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு, தலை என்று எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளையாகச் செதில் உதிரும். கறுப்புச் சட்டை போடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். பேருந்தில் என் இருக்கையை விட்டு எழுந்தால், பனி வெளியே மட்டும் பெய்யவில்லை என்று தெரியும். பிள்ளைகள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள், நல்ல வளர்ப்பு. கேட்காமல் வெறித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வீட்டில் தினமும் காலையில் என் மனைவி மார்லிஸ் தூசி உறிஞ்சும் எந்திரத்தை எடுத்து படுக்கையில் நான் படுக்கும் பக்கத்தின் மேல் ஓட்டுவாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். எந்திரம் மட்டும் சத்தம் போடும்.

இதைக் கேட்டு எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் நல்ல குடும்பம். சுரங்கத்தில் இரண்டு விரல் போன அன்று என் அப்பா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, "லேசா இடிச்சுக்கிச்சு" என்றார். அம்மாவும் சரி என்று உருளைக்கிழங்கை எடுத்து வைத்தாள். அப்படிப்பட்ட வம்சம். வலியைப் பெரிதாகச் சொன்னால் புலம்பல், சுகத்தைப் பெரிதாகச் சொன்னால் பீற்றல். இரண்டுமே எங்களுக்கு ஆகாது.

ஓட்டுநர் உரிமத்துக்கான உடல் பரிசோதனையில் ஒரு டாக்டர் என் முதுகைப் பார்த்துவிட்டார். அதனால்தான் தோல் மருத்துவரிடம் போக நேர்ந்தது. அவர் பெயர் டாக்டர் பலாசியோஸ். டெக்சஸ்காரர். மாதம் ஒருமுறை எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வருவார். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் நோயாளியிடம் கேள்வி கேட்டுக் கணினியில் பதிகிற வேலை நர்ஸ் டுவைலாவுடையது. பள்ளியில் என் வகுப்பில் படித்தவள்.

"அரிப்பு எப்படி? பூஜ்யம்னா சுத்தமா இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல. ஒரு நம்பர் சொல்லு" என்றாள்.

அன்று காலையில்தான் பேருந்தை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கதவுக் கம்பியில் கரடி மாதிரி முதுகைத் தேய்த்துவிட்டு வந்திருந்தேன். சட்டைக்குள்ளே ரத்தம் பிசுபிசுத்தது.

"ரெண்டு" என்றேன்.

டுவைலா என்னையே பார்த்தாள். "ரெண்டா?"

"சரி, ஒண்ணரைன்னு போட்டுக்கோ."

"அரை எல்லாம் இதுல போட முடியாது. ரெண்டே இருக்கட்டும். அடுத்தது. போன வாரம் உன் தோலால நீச்சல், விளையாட்டுன்னு எதுக்காவது தொந்தரவு வந்துச்சா?"

"இல்லவே இல்ல. நான் ஏரில இறங்கியே வருஷக்கணக்காச்சு."

"போடற துணி விஷயத்துல?"

"இல்ல. வெயிலோ பனியோ, எப்பவும் முழுக்கைச் சட்டைதான்."

"நாலு பேரோட கலந்து பழகறதுல?"

"நான் யாரோடயும் பழகறதில்லையே."

"வீட்டுல? உனக்கும் மார்லிஸுக்கும் நடுவுல?"

"அவ ஒண்ணும் சொன்னதில்ல."

டுவைலா விரல்களைக் கணினியிலிருந்து எடுத்தாள். "வெண்டெல், நீ சொல்றதத்தான் நான் எழுத முடியும். என் இஷ்டத்துக்கு எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"எழுதேன். உண்மையத்தானே சொல்றேன்."

உண்மையைத்தான் சொன்னேன், அதுதான் வேடிக்கை. சவுனா என்கிற ஆவிக் குளியலுக்குப் போவதையே விட்டவனுக்கு சவுனாவில் என்ன தொந்தரவு வரும்? எங்களைப் போன்ற பின்லாந்து வம்சத்தார் வீடு கட்டுவதற்கு முன்னாலேயே சவுனா கட்டுகிறவர்கள். சனிக்கிழமையானால் விறகு அடுப்பில் கல்லைச் சூடாக்கி, அதன் மேல் தண்ணீர் ஊற்றி, எழும்பும் ஆவியில் பொட்டுத் துணியில்லாமல் வியர்க்க உட்கார்ந்திருப்போம். நான் மட்டும் சனிக்கிழமைதோறும் கொட்டகையில் ஏதாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பேன். என் கொட்டகையில் பழுதான சாமான் எதுவும் மிச்சமில்லை. நல்லதைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பலாசியோஸ் உள்ளே வந்து என் முதுகைப் பார்த்ததும் வாய்விட்டே "அடக் கடவுளே" என்றார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. யார் முதுகையோ பார்த்து அப்படிச் சொன்ன மாதிரி நானும் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க ஊர்ல இதுல பாதி இருந்தாலே பத்துக்குப் பதினஞ்சும்பாங்க. நீங்க ரெண்டுங்கறீங்க?" என்றார்.

"டெக்சஸ்ல எல்லாமே பெருசுதானே டாக்டர்" என்றேன்.

உடம்பில் எவ்வளவு இடம் பாதித்திருக்கிறது என்று அவரே அளந்து எழுதி அனுப்பினார். காப்பீட்டு நிறுவனம் ஒரு வருடத்துக்கு ஊசி மருந்துக்கு ஒப்புக்கொண்டது. ஒரு வருடம் முடிந்ததும், நோயாளி தன் வாயால் முன்னேற்றம் சொல்லியிருந்தால்தான் மேற்கொண்டு மருந்து. நோயாளி யார்? நான். என் வாய் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது.

மருந்து வேலை செய்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. முதலில் அரிப்பு போயிற்று. பிறகு செதில் உதிர்வது நின்றது. ஒருநாள் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், என் முழங்கை வெறும் முழங்கையாக இருந்தது. அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய் மார்லிஸிடம், "பரவால்ல போலருக்கு" என்றேன். எங்கள் ஊரில் இதற்கு மேல் சொன்னால் குடித்திருக்கிறான் என்பார்கள்.

அரைக்கைச் சட்டை வாங்கினேன். மார்லிஸின் அண்ணன் ஆரின் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், சட்டைக்குக் கைய வழியில எங்கயாவது தொலைச்சுட்டியா?" என்றான். அந்தச் சனிக்கிழமை அவன் சவுனாவில் மேல் பலகையில் போய் உட்கார்ந்தேன். உள்ளிருந்து நேராக ஓடி ஏரியில் குதித்தேன். கிழட்டுத் தவளை விழுந்தது போல் ஒரு சத்தம். கரையிலிருந்த ஆரின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையாக இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வருடம் முடிந்து டுவைலாவின் முன்னால் மறுபடியும் உட்கார்ந்தேன்.

"அரிப்பு?" என்றாள்.

பூஜ்யம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு பெரியவர் கழுத்தில் கட்டோடு காத்திருந்தார். அவர் காதுபட, எனக்குப் பூஜ்யம் என்று தம்பட்டம் அடிப்பதா? அதுவும் போக, முந்தின நாள் கொசு கடித்திருந்தது.

"ரெண்டு" என்றேன்.

"நீச்சல்?"

"கொஞ்சம் தொந்தரவுதான். ஏரில இறங்கினேன், தோல்ல அங்கங்க வெளுப்பாத் தெரியுது. பசங்க பாத்தாங்க."

"துணி?"

"அதுவும் கொஞ்சம். எல்லாம் புதுசா வாங்க வேண்டியதாப்போச்சு. நல்லா இருந்த முழுக்கைச் சட்டையெல்லாம் சும்மா தொங்குது."

"பழகறதுல?"

"சனிக்கிழமையானா ஆரின் விட மாட்டேங்கறான். அவன் மான் வேட்டைக் கதைய நீ கேட்டிருக்கியா? தொந்தரவுன்னே எழுது."

"வீட்டுல?"

எனக்குக் காது சூடாயிற்று. "கொஞ்சம். மார்லிஸ் முன்னல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டா. இப்ப தள்ளிப் படுன்னு சொல்றா. அதெல்லாம் விவரமா எழுதாத."

"வெண்டெல், நல்லா யோசிச்சுச் சொல்லு."

"போன தடவ நான் எதையோ மறைக்கறேன்னு பாத்தியே, இந்தத் தடவ ஒண்ணுகூட மறைக்கல" என்றேன். இவ்வளவு வெளிப்படையாகப் பேசிவிட்டோமே என்று வீடு வரும்வரை எனக்கே பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் டுவைலா தொலைபேசியில் கூப்பிட்டாள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்திருந்தது. மருந்துக்கு முன்பு இவருக்கு எந்தச் சிரமமும் இல்லை, மருந்து தொடங்கிய பிறகு நான்கு வகையில் சிரமம், அரிப்பிலும் மாற்றம் இல்லை, ஆகவே மருந்தால் பயன் இல்லை என்று இவரே தெரிவித்திருப்பதால் நிறுத்துகிறோம். அதன் சாரம் இவ்வளவுதான். அதில் பிழை எதுவும் இல்லை. என் வார்த்தையை நம்பியவர்களை நான் என்ன குறை சொல்வது?

"பரவால்ல" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு கொட்டகைக்குப் போய் அங்கிருந்த பழைய டயரை எட்டி உதைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஊசிக்குக் கைக்காசு போடுவதென்றால் வீட்டையே விற்க வேண்டும். விற்றாலும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தாங்காது.

முதலில் முழங்கை. பிறகு தலை. பனிக்காலம் வருவதற்குள் முதுகு பழைய முதுகாகிவிட்டது. முழுக்கைச் சட்டைகள் மறுபடியும் வேலைக்குத் திரும்பின. ஒருநாள் காலையில் படுக்கையறையிலிருந்து தூசி எந்திரத்தின் சத்தம் மறுபடி கேட்டது. அழவில்லை. காபியோடு கொட்டகைக்குப் போனேன்.

இரண்டு சனிக்கிழமை நான் போகாமலிருந்ததும் மூன்றாவது சனிக்கிழமை ஆரின் கொட்டகைக்கே வந்துவிட்டான். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். ஆனால் அவனைக் கேட்டால் முட்டியில் ஒன்றுமில்லை என்பான்.

"என்ன பண்ற?"

"பனி தள்ற மெஷினப் பாக்கறேன்."

"அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அதான் பாத்துகிட்டிருக்கேன்."

"எந்திரி மச்சான். கல்லு சூடாயிடுச்சு."

"வேணாம் ஆரின். மேலெல்லாம் மறுபடி வந்துடுச்சு. நீ உக்கார்ற பலகை பூரா உதிரும்."

"என் பலகை. நான் பெருக்கிக்கறேன். நீ எந்திரி."

போனேன். ஆவியில் உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் பலாசியோஸ் விடாமல் போராடி, காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர் என்னோடு தொலைபேசியில் நேரடியாகப் பேச ஏற்பாடு செய்திருந்தார். நான் என் வாயால் மறுபடியும் எண்ணைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை சரியாக.

"சரியான நம்பர் என்ன?" என்றான் ஆரின்.

நான் கல்லைப் பார்த்தேன். "ரெண்டுக்கு மேலதான் இருக்கும்."

"எவ்ளோ மேல?"

"கொஞ்சம்."

ஆரின் ஒரு கரண்டி தண்ணீரைக் கல்லில் வீசினான். ஆவி முகத்தில் அறைந்தது. "சொல்லுடா, நாக்கு தேஞ்சா போயிடும்?"

"அஞ்சு."

இன்னொரு கரண்டி.

"ஏழு! யப்பா, காது வேகுது, ஏழு!"

"நானும் நீயும் மட்டும்தான் இருக்கோம். அந்தக் கதவு தாண்டி யாருக்கும் கேக்காது. சொல்லு."

"ஒம்போது" என்றேன். சொன்னதும் யாருடைய பொருளையோ திருடிவிட்ட மாதிரி இருவரும் கதவைப் பார்த்தோம்.

"அவ்ளோதான் விஷயம். இதுக்குப் போய்" என்றான் ஆரின்.

"உன் முட்டி எவ்ளோ?"

"ரெண்டு" என்று சொல்லிவிட்டு, கீழ்ப் பலகைக்கு இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பேச்சுக்குரிய நாளில் மார்லிஸும் கூட வந்தாள். வழியில் முட்டை வாங்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். மருத்துவமனை அறையில் டாக்டர் பலாசியோஸ், டுவைலா, நாங்கள் இருவர். மேசைமேல் தொலைபேசி. அதிலிருந்து வந்த குரல் நல்ல குரல், மரியாதையான குரல்.

"மிஸ்டர் கிவெலா, ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க அரிப்பு எவ்வளவு இருந்துச்சு, ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

வழி முழுக்க ஒன்பது ஒன்பது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் குரல் கேட்டதும் என் அப்பா விரலில்லாத கையோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு" என்றேன்.

டுவைலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் நாலு என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய எண். நானும் என் வீரத்தை நினைத்து ஆடிப்போயிருந்தேன். தொலைபேசிக்கு அது எப்படித் தெரியும்?

"நாலு. அப்ப, மிதமான அளவு" என்றது குரல். எழுதுகிற சத்தம் கேட்டது. டாக்டர் பலாசியோஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்கும் உங்க மனைவிக்கும் நடுவுல ஏதாவது சிரமம் இருந்துச்சா? இல்லவே இல்லன்னு அப்ப சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க. அது ஒண்ணும்..."

"இவன் பொய் சொல்றான்" என்றாள் மார்லிஸ்.

மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை, அந்தத் தொலைபேசியைத்தான் பார்த்தாள்.

"நான் இவன் பொண்டாட்டி. வெயில் கொளுத்தற ஜூலை மாசத்துலகூட முழுக்கைச் சட்டை, சாக்ஸ் எல்லாம் போட்டுகிட்டு கட்டிலோட ஓரத்துல படுப்பான். என் கை பட்டா நகந்துக்குவான். தோலு எரியுது, ரத்தம் வருது, அதனாலதான்னு ஒரு தடவ சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லல. என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நான் நெனச்சுகிட்டேன். வருஷக்கணக்கா அப்படித்தான் நெனச்சேன். தெனம் காலையில மெத்தைய சுத்தம் பண்ணுவேன். அந்த மெஷின் சத்தத்துல அழுதா வெளிய கேக்காது."

கைப்பையின் கொக்கியை ஒருமுறை திறந்து மூடினாள்.

"ஊசி போட்டப்புறம் ஒருநாள் தூக்கத்துல கையத் தூக்கி என் மேல போட்டான். நான் அசையவேயில்ல. அசைஞ்சா எடுத்துடுவானோன்னு. இப்ப மறுபடி ஓரத்துக்குப் போயிட்டான்."

"நீங்க அவர்கிட்ட ஏன் கேக்கவே இல்ல?" என்றார் டாக்டர் பலாசியோஸ் மெதுவாக.

சட்டையில்லாமல் ஏன் தேவாலயத்துக்குப் போகவில்லை என்று கேட்டதைப் போல மார்லிஸ் அவரைப் பார்த்தாள்.

தொலைபேசிக் குரல், "மேடம், இது எங்க கேள்வில இல்ல. ஆனா கேக்கறேன். உங்களுக்கு எவ்வளவு?" என்றது.

"எனக்கா?" என்றாள். இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. "பத்து."

என் தலையில் யாரோ சுத்தியலால் போட்ட மாதிரி இருந்தது. அந்த எந்திரத்தின் சத்தம் எனக்கு எதிரான புகார் என்றே நினைத்து, அது கேட்கும்போதெல்லாம் கொட்டகைக்கு ஓடியிருக்கிறேன். நான்கு அடி எடுத்து வைத்து அறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும். மகா புத்திசாலி.

"சார், நான் சொன்னத மாத்திக்கலாமா?" என்றேன். "ஊசிக்கு முன்னாடி ஒம்போது. இப்பவும் ஒம்போது. ஊசி போட்டுகிட்டிருந்தப்ப பூஜ்யம். கொசுவச் சேத்து ரெண்டுன்னு சொல்லிட்டேன். வீட்டுல சிரமம் இருந்துச்சான்னு கேட்டீங்க. இருந்துச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. டுவைலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு சளி" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள். திரும்பி வரும்போது நாங்கள் முட்டை வாங்க மறந்துவிட்டோம்.

மருந்து மறுபடியும் வந்தது. நான் ஒன்பது சொன்ன விஷயம் எனக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒருவர், முகம் தெரியாதவர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆரின் தன் முட்டியைக் காட்ட டாக்டரிடம் போய், துணிந்து "மூணு" என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த மாதம் அவனுக்கு அறுவைச் சிகிச்சை.

வசந்தம் முடிகிற சமயத்தில் மறுபடி கேள்வி நேரம். இந்த முறை மார்லிஸை நானே கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

"அரிப்பு?" என்றாள் டுவைலா.

கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. "பூஜ்யம்" என்றேன், கொஞ்சம் தணிந்த குரலில்.

"நீச்சல்? துணி? பழகறது?"

"இல்ல. இல்ல. ஆரின் கதை அவன் தப்பு, என் தோல் தப்பு இல்ல."

"வீட்டுல?"

"அத அவகிட்டயே கேளு" என்றேன்.

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தாள். "சிரமம்னா, இருக்கு. ராத்திரி பூரா ஒட்டிகிட்டே படுக்கறான். புழுக்கம் தாங்கல. போர்வைய நான் உதறிகிட்டே இருக்கேன்."

டுவைலாவின் விரல்கள் நின்றன. "மார்லிஸ், இத எழுதினா மருந்த மறுபடி நிறுத்திடுவாங்க."

மார்லிஸ் சட்டென்று என் அரைக்கைச் சட்டைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எழுதாத" என்றாள்.